துத்தியைப் பிடுங்கி தொரைப்பூ வளர்ப்பது எப்படி?

வா தம்பி, வா. திண்ணையில உக்காரு. நடுவுல வாணாம், அது ஆட்டுக்குட்டி படுத்து எழுந்த இடம். நீ வெள்ளை பேண்ட்டு போட்டிருக்கிறே. ஓரமா உக்காரு.

இன்னா, கையில பாக்கெட்டு? இரு, கண்ணாடி போட்டுக்கிறேன். ஹாலிஹாக். ஆகா! போன வருஷம் பட்டது போதாதுன்னு மறுபடியும் அதே பூவா? உனக்குத் தைரியம்தான். இருபது விதை, 199 ரூபா. ஒரு விதை பத்து ரூபா ஆவுது. எங்க நைனா ஒரு மரக்கா விதைநெல்லுக்கே அவ்வளவு குடுத்தவர் இல்லை. பாக்கெட்டு மேல படம் மட்டும் நல்லாத்தான் போட்டிருக்கிறான். வெள்ளைக்காரன் ஊடு, வைக்கோல் கூரை, சுவத்தோரமா எட்டடிக்குக் கம்பு கம்பா செடி, இடுப்புல இருந்து நுனி வரைக்கும் பூ. ஒண்ணு கவனிச்சியா தம்பி? அந்தக் கூரை என் ஊட்டு மேல இருந்தா அது குடிசை. அவன் ஊட்டு மேல இருந்தா அது காட்டேஜ். குடிசையைப் பாத்தா உங்க அடுக்குமாடி அசோசியேஷன்காரங்க மூக்கைப் பொத்துவாங்க. காட்டேஜைப் பாத்தா போட்டோ எடுப்பாங்க.

சரி, யோசனை கேக்கத்தானே வந்தே? சொல்றேன். அதுக்கு முன்னால போன வருஷம் நீ செஞ்ச வேலையை ஒரு தடவை சொல்லிடறேன். வைத்தியன்கூட நாடி பாத்துட்டுத்தானே மருந்து குடுப்பான்.

முதல் வேலை, ஆடியில விதைச்சே. ஏன்டா தம்பின்னு கேட்டதுக்கு, "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பழமொழியே இருக்குதே பெரியவரே"ன்னு எனக்கே பாடம் எடுத்தே. பழமொழி வாஸ்தவம்தான். வெண்டை, கத்திரி, அவரைக்கு அது சரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டம் உண்டு. இங்க கழனி இருந்த காலத்துல சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு போகம் பேசுவோம். எல்லாம் நெல்லுதான், ஆனா சம்பாவுக்குப் போடுற விதையைச் சொர்ணவாரிக்குப் போட மாட்டோம். உன் பூவோ குளிர் பாத்து வளர்ந்த சாதி. டெல்லி, சண்டிகர் பக்கமே மழைக்காலம் போனப்புறம், புரட்டாசி ஐப்பசியில விதைச்சி, மாசி பங்குனியில பூப் பாக்கிறாங்க. நீ 36 டிகிரி வெயில்ல, ராத்திரியிலயும் சூடு இறங்காத காம்பவுண்டு சுவத்தோரம் வெச்சே. கொஞ்சம் உப்பும் மிளகாத்தூளும் தூவியிருந்தா, முளைக்காத விதையை எடுத்துக் கொறிச்சிருக்கலாம்.

"ஊட்டியில வாசலுக்கு வாசல் பாத்தேனே"ன்னே. பாத்திருப்பே. அது ஏழாயிரம் அடிக்கு மேல இருக்கிற ஊரு. 1848-ல மெக்ஐவர்னு ஒரு தொரை அங்க தாவரவியல் பூங்காவுக்குக் கொத்து போட ஆரம்பிச்சப்போ, அவன் ஊட்டு ஞாபகம் வர்ற அளவுக்குக் குளிர் இருந்துச்சு. நம்ம ஊர்ல மார்கழியில 20 டிகிரிக்கு இறங்கினாலே உங்க வாட்ச்மேன் மப்ளர் கட்டிக்கினு டீ தேடுறான். அவ்வளவு ஏன், ஊட்டியில இருந்து வர்க்கி வாங்கியாந்து எனக்கும் ஒரு பொட்டலம் குடுத்தியே, மறுநாளே நமுத்துப் போச்சு. வர்க்கிக்கே ஒத்துக்காத காத்து, பூவுக்கு ஒத்துக்குமா?

ரெண்டாவது வேலை, குழிக் குழியா இருக்கிற பிளாஸ்டிக் தட்டுல தேங்கா நார்த்தூளைப் போட்டு நாத்து விட்டே. மிளகா, தக்காளின்னா அது சரி. உன் பூவுக்கு ஆணிவேர். மேல நாலு இலை விடுறதுக்குள்ள கீழ ஒரு சாண் இறங்கப் பாக்கும். உன் தட்டுக்குழி ரெண்டு விரக்கடை. வேரு போய் முட்டி, சுருண்டு, உங்க ஆபீஸ் பஸ்ஸுல கடைசி சீட்டுக்காரன் மாதிரி காலை மடக்கிக்கினு கிடந்துச்சு. அதைப் பிடுங்கி மண்ணுல வேற நட்டே. முள்ளங்கியைப் பிடுங்கி அடுத்த பாத்தியில நட்டா முள்ளங்கி விளையுமா? இலை விளையும், உன் நம்பிக்கை விளையும், முள்ளங்கி விளையாது.

கணக்கு நான் வெச்சிருக்கிறேன். இருபதுல பதினொண்ணு முளைச்சுது. நட்ட வாரத்துல அஞ்சு வாடிச்சு. புரட்டாசி மழைக்கு வந்த நத்தை நாலைத் துன்னுடுச்சு. மிச்சம் ரெண்டு. அந்த ரெண்டுக்கும் நீ காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மீட்டிங் நடுவுல ஒரு தடவைன்னு தண்ணி ஊத்தினே. அதுவும் இன்னா தண்ணி? ஆர்.ஓ. மிஷின்ல இருந்து வெளியே கொட்டுற தண்ணி. "வீணாக்கக் கூடாது பெரியவரே"ன்னு பெருமையா வேற சொன்னே. அடப்பாவி, நல்ல தண்ணியை நீ குடிச்சிட்டு, அதுல இருந்த உப்பையெல்லாம் சேத்து அந்தப் பச்சைக் குழந்தைக்கு ஊத்தினா அது இன்னா ஆவும்? நம்ம போர் தண்ணியிலயே உப்பு கரிக்குது. பக்கிங்காம் கால்வாய் கிழக்கால ஓடுது, கேளம்பாக்கத்துல உப்பளமே போட்டிருந்தாங்க. அந்த உப்பை வடிச்சி எடுத்துச் செடிக்கு ஊத்துறது, சக்கரை வியாதிக்காரனுக்குப் பாயசத்தைச் சுண்டக் காய்ச்சிக் குடுக்கிற கதை.

ரெண்டும் அழுவிப் போச்சு. முளைக்காத ஒம்பது விதையோட அந்தத் தட்டைக் கொண்டாந்து, எங்க எருக்குழி ஓரமா கவுத்துட்டு, "எல்லாம் வேஸ்ட்டு பெரியவரே"ன்னுட்டுப் போனே. ஞாபகம் இருக்குதா? நல்லது. அதை ஞாபகத்துலயே வெச்சிக்கோ. அப்பால வர்றேன்.

மூணாவது வேலைதான் எனக்குப் பெரிய சந்தோஷம். விதைக்கிறதுக்கு முன்னால ஆள் விட்டு, சுவத்தோரம் தானா முளைச்சிருந்த செடியையெல்லாம் 'களை'ன்னு பிடுங்கிப் போட்டியே, அதெல்லாம் இன்னா செடி தெரியுமா? துத்தி. தோட்டக்கலை படிக்கிற என் பேத்தியைக் கேட்டேன். உன் ஹாலிஹாக்கும் துத்தியும் ஒரே குடும்பமாம். வெண்டை, பருத்தி, செம்பருத்தி, பூவரசு, புளிச்சக்கீரை எல்லாமே பங்காளிங்க. பூவைப் பாத்தாலே தெரியும்: அஞ்சு இதழ், நடுவுல தூண் மாதிரி ஒரு குச்சி, அதைச் சுத்தி மகரந்தம். ஆக, நீ பெரியப்பா மகனைக் கழுத்தைப் பிடிச்சி வெளியே தள்ளிட்டு, சித்தப்பா மகனுக்கு 199 ரூபா டிக்கெட்டு போட்டு வரவழைச்சே. வந்தவனும் தங்கலை. இந்த ஊரு டோல்கேட்டுலயே 2023 அக்டோபரோட வசூலை நிறுத்திட்டாங்க. யாரு வேணும்னாலும் வரலாம், போவலாம். உன் கேட்டுல மட்டும் துத்திக்குத் தடை.

துத்தியைப் பத்தி நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்கோ. இலை நெஞ்சு வடிவத்துல, தொட்டா வெல்வெட்டு மாதிரி இருக்கும். பூ மஞ்சள். காலையில பாத்தா மூடிக்கினு இருக்கும், பொழுது சாயறப்போதான் விரியும். உன் ஷிப்டுக்கு ஏத்த பூ. காய் சக்கரம் மாதிரி, சுத்திலும் பல்லு பல்லா இருக்கும். சின்னப் பசங்களா இருந்தப்போ அதை மையில தொட்டு, பூவரச இலையைப் பத்திரமா நினைச்சி அதுல குத்துவோம். அதான் எங்க ரெஜிஸ்டர் ஆபீஸ். ஒரு முத்திரைக்கு ஏரியையே எழுதிக் குடுப்பான் ஒருத்தன். சாயங்காலம் சண்டை வந்தா திரும்ப வாங்கிப்பான். பின்னால எங்க பசங்க நிசமான ரெஜிஸ்டர் ஆபீசுல முத்திரை குத்தினாங்க. அது மட்டும் திரும்ப வரலை.

இன்னொண்ணு. நீ காலையில எட்டு மணிக்கு நாற்காலியில உக்காந்தா ராத்திரிதான் எழுந்திருக்கிறேன்னு உன் சம்சாரம் என் கிழவிகிட்ட சொல்லியிருக்குது. போன மாசம் நீ உக்காரும்போது பக்கவாட்டுல சாஞ்சி சாஞ்சி உக்காந்ததை நானும் பாத்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதே, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். மூலத்துக்கு நம்ம நாட்டு வைத்தியத்துல முதல்ல எந்த இலையைச் சொல்லுவாங்க தெரியுமா? துத்தி இலையைத்தான். விளக்கெண்ணெயில வதக்கி இளஞ்சூட்டுல வெச்சிக் கட்டுவாங்க. நான் வைத்தியன் இல்லை. ரத்தம் கித்தம் வந்தா ஒழுங்கா டாக்டரைப் பாரு. ஆனா ஊர் முழுக்க நாற்காலிக்காரங்க குடிவந்த சமயம் பாத்து, உங்க மதில் ஓரமெல்லாம் தானா துத்தி முளைக்குது. உங்களுக்கு இன்னா வேணும்னு மண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது. நீங்கதான் ஆள் விட்டுப் பிடுங்குறீங்க.

சரி, முகம் வாடுது. போதும். இப்போ பூ வளர்க்கிற வழிக்கு வர்றேன். நான் உன்னை வளர்க்க வாணாம்னு சொல்லவே இல்லையே.

இந்தப் பாக்கெட்டுல 'முதல் வருஷமே பூக்கும்'னு எழுதியிருக்குது, அது நல்ல சகுனம். இந்தப் பூவுல பழைய ரகமெல்லாம் முதல் வருஷம் இலை விட்டுக்கினு உக்காந்திருக்கும், நடுவுல ஒரு குளிர்காலம் பாத்தாத்தான் ரெண்டாம் வருஷம் பூத்தண்டு விடும். நம்ம ஊர்ல குளிருக்கு அது எங்க போவும்? மாலுக்கா? அதனால முதல் வருஷ ரகம்தான் இங்க தோது. பாக்கெட்டு படத்துல ஒத்தைப்பூவா, அடுக்குப்பூவான்னும் பாரு. இனிமே வாங்கினா ஒத்தைப்பூவே வாங்கு. அடுக்குப்பூவுல தேனீ உள்ளே போவத் தடுமாறும். உங்க அடுக்குமாடி கேட்டுல நான் தடுமாறுற மாதிரி. அதுக்காவது போன்ல ஓ.டி.பி. கேக்க மாட்டாங்க.

எப்போ விதைக்கணும்? கார்த்திகை தீபம் ஏத்தின கையோட. அதுவரைக்கும் பாக்கெட்டை ஈரம் படாம டப்பாவுல போட்டு மூடி ஃபிரிட்ஜ்ல வை. தீபத்துக்கு அப்பாலயும் மழை வரும், அசட்டையா இருக்காதே. 2023-ல தீபம் முடிஞ்சி ஒரு வாரம் கழிச்சித்தான் மிக்ஜாம் புயல் வந்து உன் காரை மிதக்க விட்டுச்சு. அதனால தரைமட்டத்துல விதைக்காதே. ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடு, தண்ணி நிக்காம வடியணும்.

மண்ணு இருக்குதே, அதுதான் உன் ஊட்டுல பெரிய ரகசியம். உங்க புல்தரையை ஒரு கடப்பாரையால குத்திப் பாரு. மேல அரையடி செம்மண்ணு, அதுக்குக் கீழ பில்டர் விட்டுட்டுப் போன செங்கல் துண்டு, சிமெண்ட்டுக் கட்டி, டைல்ஸ். எங்க கழனி மண்ணு அதுக்கும் கீழ எங்கியோ தூங்குது. ஆணிவேர்க்காரனுக்கு ஒண்ணரை அடியாவது தோண்டி அந்த இடிசலைப் பொறுக்கிப் போடணும். தோண்டின குழியில தோட்டத்து மண்ணு, மக்கின சாணி எரு, கொஞ்சம் மணல் கலந்து நிரப்பு. பச்சைச் சாணியைப் போடாதே, வேரு வெந்துடும். எரு என்கிட்ட இருக்குது. மூட்டை கணக்குல தர்றேன். பாக்கெட்டு கணக்குல கேட்டா 'ஆர்கானிக்'னு எழுதி மூணு மடங்கு விலை சொல்லுவேன்.

விதைக்கிறதுக்கு முந்தின ராத்திரி விதையைத் தண்ணியில ஊற வை. மேல் தோலு கெட்டி, ஊறினாத்தான் இளகும். வெண்டை விதையை ஊற வெக்கிறோமே, அதே கதைதான், பங்காளிதானே. ரெண்டடிக்கு ஒரு இடம் குறிச்சி, இடத்துக்கு மூணு விதை போடு. ஆழமா புதைக்காதே, மேல லேசா மண்ணைத் தூவினா போதும். பத்து, பதினஞ்சு நாள்ல முளைக்கும். அதுவரைக்கும் தினம் தோண்டிப் பாக்காதே. போன வருஷம் நீ பாத்தே, நான் மாடியில துணி காயப் போடுறப்போ பாத்தேன். முளைச்சதுல தெம்பானதை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடு. மனசு வராதுன்னு மூணையும் விட்டேன்னா மூணும் உன்னை விட்டுடும்.

வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வேணும். உங்க பில்டிங்கு நிழல் எங்க விழுதுன்னு பாத்து இடம் பிடி. 'லேக் வியூ'ன்னு பேரு வெச்சி, லேக்குக்கே வெயில் போவாம மறைச்சிக் கட்டியிருக்கிறாங்க. தண்ணி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, வேருல மட்டும் ஊத்து. இலை நனையக் கூடாது. மழைத்தண்ணியைப் பிடிச்சி வெச்சிருந்தா அதுதான் அமிர்தம். 2003-லயே மழைநீர்த் தொட்டிக்குச் சட்டம் போட்டாங்க. உங்க தொட்டி மேல இப்போ ரெண்டு பைக்கு நிக்குது, அதை நகத்தச் சொல்லு.

இலை ஏன் நனையக் கூடாதுங்கிறியா? இந்தப் பூவுக்குப் பரம்பரை எதிரி ஒண்ணு உண்டு, துரு நோய். இலைக்கு அடியில ஆரஞ்சு நிறத்துல கடுகு கடுகா தடிக்கும். முதல்ல தென் அமெரிக்காவுல சிலி தேசத்துல கண்டதாம். கப்பலேறி 1873-ல இங்கிலாந்துக்கே போய்ச் சேந்துச்சுன்னு பேத்தி படிச்சிச் சொன்னா. அங்க சாஃப்ரன் வால்டன்னு ஒரு ஊர்ல சாட்டர்னு ஒருத்தர் அடுக்கு ஹாலிஹாக் வளர்த்துப் பேர் வாங்கினவர். இன்னிக்கும் அடுக்குப்பூ விதைக்கு அவர் பேரைப் போட்டு விக்கிறாங்க. அப்படிப்பட்டவங்க தோட்டத்தையே அந்தத் துரு சூறையாடிடுச்சாம். அவங்க ஊர்லயே அந்தக் கதின்னா, நம்ம ஊரு புழுக்கத்துல நீ ஜாக்கிரதையா இருக்க வாணாமா? அடி இலையில புள்ளி கண்டா அப்பவே கிள்ளிக் குப்பையில போடு, எருக்குழியில போடாதே. எறும்பு ஏறி இறங்கினா மாவுப்பூச்சி வந்துடுச்சுன்னு அர்த்தம். செம்பருத்தியை அப்புற அதே வெள்ளைப் பஞ்சுதான். தண்ணியைப் பீச்சி அடிச்சிக் கழுவு, அடங்கலைன்னா வேப்பெண்ணெயை சோப்புத் தண்ணியில கலந்து சாயங்காலமா தெளி.

செடி முட்டி உயரம் வந்ததும் மூங்கில் குச்சி நட்டுத் தளர்வா கட்டு. கோவளத்துப் பக்கமிருந்து மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கிளம்பினா அது ஆளையே தள்ளும். பூ மாசியில வரும். கீழ் மொட்டு முதல்ல விரியும், அப்பால ஒவ்வொண்ணா மேல ஏறும். உங்க ஆபீஸ் போனஸ் மாதிரி மேல இருந்து ஆரம்பிச்சிக் கீழ வர்றதுக்குள்ள தீர்ந்து போவாது. எட்டடி எதிர்பாக்காதே. மார்பு உயரம் வந்தா கும்பிடு போடு. பங்குனியில கடைசி மொட்டு, சித்திரை வெயில்ல செடி சருகு. அப்போ அழாதே. காய்ஞ்ச காயைப் பிரிச்சா உள்ளே சில்லறைக் காசை வட்டமா அடுக்கி வெச்ச மாதிரி விதை இருக்கும். அதுதான் லாபம்.

இன்னா அப்படிப் பாக்கிறே? மார்பு உயரம்னு எனக்கு எப்படித் தெரியும்னா?

எழுந்து வா. எருக்குழிப் பக்கம் வா, காலைப் பாத்து வை. தோ, அந்தக் காய்ஞ்ச குச்சி தெரியுதா, மேல வெள்ளைத் துணி கட்டியிருக்குதே? நீ 'வேஸ்ட்டு'ன்னு கவுத்துட்டுப் போன ஒம்பதுல ஒண்ணு. ஆடி வெயிலுக்குத் தோலு இளகாம கிடந்தது, கார்த்திகைக் குளிர்ச்சிக்குக் கண்ணு திறந்துச்சு. துத்தின்னு நினைச்சி விட்டுட்டேன். நெசம் சொல்றேன், துத்தின்னு நினைச்சதாலதான் பிழைச்சுது. உன் பூவுன்னு தெரிஞ்சிருந்தா ஆட்டுக்குப் போட்டிருப்பேன். மாசியில ரோஸ் நிறத்துல ஒரு பூ விரிஞ்சப்போ, என் கிழவி வந்து நின்னு, "இன்னாய்யா இது, வெண்டைக்குக் கல்யாணமா?"ன்னு கேட்டா. அப்பால ஒரு மாசம் பாத்திரம் கழுவின தண்ணிகூட அந்தப் பக்கம் போவாம பாத்துக்கினா. அதுக்கு நல்ல தண்ணிதானாம். எனக்கே அவ நல்ல தண்ணி குடுத்து நாளாச்சு. விதை சிதறக் கூடாதுன்னு துணி கட்டினதும் அவதான். நீ ஆறு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை, அதனால உனக்குத் தெரியலை. நானும் சொல்லலை. உன்னைக் கிண்டல் பண்ணிட்டு எந்த முகத்தை வெச்சிக்கினு சொல்றது?

நாப்பது விதைக்கு மேல தேறும். உன் கணக்குப்படி நானூறு ரூபா. உனக்குப் பத்து தர்றேன். காசு வாணாம். அதுக்குப் பதிலா உன் மதில் ஓரம் ரெண்டடி இடத்தைக் கைவெக்காம விடு, துத்தி வரட்டும். உனக்கும் உபயோகப்படும், நான் வெளியே சொல்ல மாட்டேன்.

அப்புறம், இந்தப் பாக்கெட்டு இங்கியே இருக்கட்டும். இல்லை தம்பி, குடு. இடுப்புல சொருகிக்கிறேன். கார்த்திகை தீபத்தன்னிக்கு வந்து வாங்கிக்கோ. உன் கையில இருந்தா நாளைக்கே ஆடிப்பட்டம்னு விதைச்சிடுவே.